தாய்மாமன் போட்டுப் பார்த்த கவுன்

தென்காசி,
ஆடி மாதம், சனிக்கிழமை காலை.

அன்புத் தங்கை ஆனந்தவள்ளிக்கு, அண்ணன் முத்துச்செல்வம், காவல்துறை சிறப்பு உதவி ஆய்வாளர் (பணி ஓய்வு), எழுதிக்கொண்டது. இங்கே நானும் உன் மதினி மாரிச்செல்வியும் சுகம். சாரல் இருக்கிறது, முட்டிவலி இருக்கிறது, இரண்டும் இந்த மாதத்தில் வர வேண்டியவைதான். பாவூர்சத்திரத்தில் நீயும், மச்சான் மணிமுத்துவும், கல்யாணப் பெண் வேல்விழியும் சுகமாக இருக்கவும், மச்சானின் மண்டியில் தக்காளி அழுகாமல் இருக்கவும் பண்பொழி திருமலைக் குமாரசாமியை வேண்டிக்கொள்கிறேன்.

நிற்க. வாட்ஸ்அப் காலத்தில் இந்த மனிதன் எதற்குக் கடிதம் எழுதுகிறான் என்று நீ கேட்பாய். காரணம் நீதான். போனில் நான் கவுன் என்று வாயெடுத்ததும் "பாலு பொங்குதுண்ணே" என்று வைத்துவிடுகிறாய். காலையிலும் பால் பொங்குகிறது, மத்தியானமும் பொங்குகிறது, சாயங்காலமும் பொங்குகிறது. பால் பண்ணை வைத்திருப்பவர்கள் வீட்டில்கூட இப்படிப் பொங்காது. சரி என்று குரல் பதிவு அனுப்பினால், அதைக் கேட்காமலேயே கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் படம் ஒன்றை அனுப்பிவிடுகிறாய். கடிதத்தை அப்படித் துண்டிக்க முடியாது. நீ படிக்காமல் மேஜைமேல் போட்டாலும், அது அங்கேயே கிடந்து உன்னைப் பார்த்துக்கொண்டிருக்கும். ஆகையால் உட்கார்ந்து முழுவதையும் படி.

முதலில் நடந்தது என்ன என்பதை உனக்கு ஞாபகப்படுத்துகிறேன், ஏனென்றால் உனக்கு வசதியானது மட்டும்தான் உனக்கு ஞாபகம் இருக்கும். உன் வீட்டில் பூ வைக்கும் விசேஷம். ராயகிரியிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். மாப்பிள்ளை ராணுவத்தில் இருப்பவர், ரிசப்ஷனுக்குக் கோட்டு சூட்டு போடப்போகிறார், பட்டாளத்து நண்பர்களெல்லாம் வருகிறார்கள் என்று பேச்சு போகிறது. அப்போது வேல்விழி, யாரும் கேட்காமலேயே, தரையைப் பார்த்துக்கொண்டு, "நான் ரிசப்ஷனுக்குக் கவுனு போட்டுக்கிடலாம்னு பாக்கேன்" என்றாள். நீ பூந்தித் தட்டோடு வந்துகொண்டிருந்தாய். தட்டைக்கூடக் கீழே வைக்காமல், "கவுனா? ஏட்டி, ஒந்தோளுக்குக் கவுனப் போட்டா, மேடையில மாப்பிள்ளையத் தேடுததுக்கு டார்ச் லைட்டுதான் அடிக்கணும்" என்றாய். சபை சிரித்தது. மாப்பிள்ளையின் சித்தப்பாவுக்குப் பூந்தி புரைக்கேறிவிட்டது. வேல்விழியும் சிரித்தாள். சிரித்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். நான் தண்ணீர் குடிக்கப் போனபோது அவள் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்த டம்ளர்களையெல்லாம் எடுத்து மறுபடியும் கழுவிக்கொண்டிருந்தாள். "கவுனு என்ன கலருட்டி?" என்று கேட்டேன். "வேண்டாம் மாமா, சேலையே கெட்டிக்கிடுதேன். அம்மா சொல்லுததுஞ் சரிதான" என்றாள். கல்லூரியில் குண்டு எறிந்து மெடல் மெடலாக வாங்கியவள். இன்று பள்ளிக்கூடத்தில் விசில் ஒன்று ஊதினால் மைதானத்துப் பையன்கள் மொத்தப் பேரும் அப்படியே நிற்கிறார்கள். அந்தப் பெண் ஒரு டம்ளரிடம் முகத்தைக் காட்டிக்கொண்டு பேசுகிறாள். இந்தப் பிள்ளை கவுன் போட்டுத்தான் மேடையேற வேண்டும், அது அவளுக்கு எடுப்பாக இருந்தே தீர வேண்டும் என்று அந்த அடுப்படியிலேயே முடிவு பண்ணிவிட்டேன்.

திரும்பி வந்து சபையில் சொன்னேன். "ரிசப்ஷன் உடுப்பு தாய்மாமன் சீரு. அது கவுனுதான். அத நாந்தான் எடுப்பேன்." நம் வீட்டு வழக்கம் உனக்குத் தெரியாததில்லை. முகூர்த்தத்துப் பட்டு மாப்பிள்ளை வீட்டார் எடுப்பது. சாயங்காலம் உடுத்துவது தாய்மாமன் எடுப்பது. மேடையேறும் முன்னால் தேங்காய் பழத்தோடு தட்டில் வைத்து மாமன் கொடுக்கும்வரை அந்தத் துணியைப் பெண் உடுத்திப் பார்க்கக் கூடாது, கண்ணால்கூடப் பார்க்கக் கூடாது. உன் கல்யாணத்துக்கு நம் பண்பொழி மாமா இருமல் மருந்து நிறத்தில் ஒரு சேலை கொண்டுவந்தார். நீ அழுதுகொண்டே கட்டினாய், ஆனாலும் கட்டினாய். அந்த வழக்கத்தை நம்பித்தான் நான் சபையில் வாயை விட்டேன். நீ என்ன செய்தாய்? நல்ல பிள்ளை மாதிரி சிரித்துக்கொண்டு, "சரிண்ணே. வழக்கப்படி புள்ள போட்டுப் பாக்கக் கூடாதுல்லா? பாக்காமயே சரியா எடுத்துட்டு வாங்க, பாப்போம்" என்றாய். சபை இரண்டாவது முறையும் சிரித்தது. எதற்குச் சிரிக்கிறார்கள் என்று எனக்கு அப்போது புரியவில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு தென்காசி வந்து சேர்ந்தபோதுதான் புரிந்தது. சேலை ஒல்லியானவளுக்கும் சேலைதான், பருத்தவளுக்கும் சேலைதான். கவுனுக்கு அளவு வேண்டும். அளவெடுக்க ஆள் வேண்டும். ஆளுக்குத் தெரியக் கூடாது. சபையில் சொன்ன சொல்லைத் திருப்பி வாங்குகிற ஆள் நான் இல்லை என்று தெரிந்துதான் நீ இந்தப் பொறியை வைத்திருக்கிறாய்.

ஆகையால் மறுவாரமே தென்காசியில் ஒரு பெரிய ஜவுளிக்கடைக்குப் போனேன். ஆடியில் கல்யாணத் துணி எடுக்கலாமா என்று மாரிச்செல்வி கேட்டாள். பஞ்சாங்கத்தில் பட்டைப் பற்றிச் சொல்லியிருக்கலாம், கவுனைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை என்று அவள் வாயை அடைத்தேன். ஆடித் தள்ளுபடிக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு மேல்மாடிக்குப் போனால், அங்கே நின்ற பெண் "யாருக்கு அண்ணாச்சி?" என்றாள். "தங்கச்சி மவளுக்கு. உயரம் அஞ்சடி ஏழங்குலம், மாநிறம், அகன்ற தோளு, வலது முழங்கையில பழைய காயத் தழும்பு" என்றேன். அந்தப் பெண்ணின் முகம் வாடிவிட்டது. "என்னைக்கு அண்ணாச்சி காணாமப் போனாங்க?" என்று கேட்டாள். விஷயத்தைச் சொன்னதும், "எக்ஸெல்லா, டபுள் எக்ஸெல்லா?" என்றாள். எனக்கென்ன தெரியும். போனில் வேல்விழியின் படத்தைக் காட்டினேன். அவள் அதைப் பெரிதாக்கிப் பார்த்து, உதட்டைப் பிதுக்கி, "தோளுதான் அண்ணாச்சி எடக்கு பண்ணும். போட்டுப் பாக்காமச் சொல்ல முடியாது" என்றாள்.

போட்டுப் பார்க்க வேண்டியது தோள்தானே. அந்தத் தோள் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். நம் அய்யாவின் தோள் அது. எனக்கு வந்தது, அதன் பிறகு நேராக வேல்விழிக்குப் போய்விட்டது. உனக்கு வரவில்லை, உனக்கு அய்யாவின் வாய்தான் வந்தது. ஒயின் கலரில் கல் வைத்த கவுன் ஒன்றை எடுத்து, அதன்மேல் நாலைந்து சட்டைகளைப் போட்டு மறைத்துக்கொண்டு, ஆண்கள் உடை மாற்றும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். சட்டையைக் கழற்றிவிட்டுத் தலைவழியாக மாட்டினேன். அதற்குள் உள்துணி ஒன்று, வலைத்துணி ஒன்று, இன்னொரு வலைத்துணி ஒன்று என்று போய்க்கொண்டே இருக்கிறது. எதன் வழியாகத் தலை, எதன் வழியாகக் கை என்று யாரும் எழுதி வைக்கவில்லை. ஒருவழியாகத் தலை வெளியே வந்தது, ஆனால் கைகள் இரண்டும் மேலேயே நின்றுவிட்டன. இறக்கவும் முடியவில்லை, கழற்றவும் முடியவில்லை. ஜிப் முதுகில் இருக்கிறது. முதுகில் ஜிப் வைக்கலாம் என்று கண்டுபிடித்தவன் கூட்டுக் குடும்பத்தில் இருந்திருக்க வேண்டும். அந்த நேரம் பார்த்து யாரோ கதவைத் தட்டி, "உள்ள யாருங்க, சட்டுனு வாங்க" என்கிறார்கள். குரலைக் கேட்டதுமே தெரிந்துவிட்டது. என் கீழ் வேலை பார்த்த ஏசுதாசன். இப்போது ஏட்டு.

எனக்கு வேறு வழி இல்லை. "ஏலே ஏசுதாசா, நாந்தாம்லே" என்றேன். வெளியே குதிகால் இரண்டும் சேரும் சத்தம் கேட்டது. தாழ்ப்பாளை முழங்கையால் தள்ளிவிட்டேன். உள்ளே வந்தவன் என்னை மேலிருந்து கீழாக ஒருமுறை பார்த்தான். பிறகு கதவைச் சாத்திவிட்டு, குரலைத் தாழ்த்தி, "ஐயா, மாறுவேசமா? யாரப் புடிக்கப் போறிய?" என்றான். ஓய்வு பெற்ற பிறகும் இலாகா என்னை விடவில்லை என்று நினைத்துவிட்டான் பாவம். அந்த நிலைமையில் உண்மையை விட அது கௌரவமாக இருந்ததால், "ஆமா, வெளிய மூச்சு விடாத. ஜிப்ப இழு" என்றேன். அவன் பழைய விசுவாசம் அத்தனையையும் சேர்த்து இழுத்தான். தோளிலிருந்து இடுப்புவரை தையல் விட்டுப்போனது. கிழிந்ததை நான்தான் வாங்கிக்கொள்ள வேண்டியிருந்தது. அது இப்போது மாரிச்செல்வியின் ஸ்கூட்டருக்கு உறையாக இருக்கிறது, கல் வைத்திருப்பதால் தெருவில் எல்லோரும் பார்க்கிறார்கள். ஏசுதாசன் அன்று முழுவதும் கடை வாசலில் நின்று, கவுன் வாங்கிக்கொண்டு போகிறவர்களையெல்லாம் சந்தேகமாகப் பார்த்துக்கொண்டிருந்தானாம்.

நான் விட்டுவிடுவேன் என்று நினைத்திருப்பாய். அதற்கு நீ வேறு அண்ணன் பார்க்க வேண்டும். மறுநாளே மாரிச்செல்வியைக் கூட்டிக்கொண்டு சஃப்ரின் கடைக்குப் போனேன். துலுக்கர் வீட்டுக் கல்யாணங்களுக்குக் கவுன் தைக்கிற பெண், படிப்பு அதிலேயே படித்தது, மாடியில் கடை. அவள் வீட்டுக்காரர் துபாயில். வாய் தென்காசி பூராவும் கேட்கும். "ஆளக் கூட்டிட்டு வாங்க அங்கிள், அளவெடுப்போம்" என்றாள். வழக்கத்தைச் சொன்னேன். "அது சேலைக்கு உள்ள வழக்கம் அங்கிள்" என்றாள். "வழக்கம்னா எல்லாத்துக்கும் வழக்கம்தாம்மா. தோளு என்ட்ட இருக்கு, எடுத்துக்கோ" என்று பனியனோடு நின்றேன். அவள் மாரிச்செல்வியைப் பார்த்தாள், மாரிச்செல்வி கூரையைப் பார்த்தாள். பிறகு டேப்பை எடுத்துக்கொண்டு வந்து, "வயித்த உள்ள இழுக்காதிய அங்கிள், நான் வயித்த எடுக்கல" என்றாள். திருடனைப் பார்த்தவர்கள் ஆளுக்கு ஓர் அடையாளம் சொல்ல, அதை வைத்துப் படம் வரைவார்கள் அல்லவா, அந்த முறையில் நான் வேல்விழியை அங்கே சேர்த்துக் கட்டினேன். தோளும் கையும் நான். உயரத்துக்கு, வேல்விழி எங்கள் வீட்டுக்கு வந்தால் அவள் தலை காலண்டர் லட்சுமியின் பாதத்தைத் தொடும் என்பது எனக்குத் தெரியும், வீட்டுக்குப் போய் லட்சுமியின் பாதத்திலிருந்து தரைவரை அளந்து போனில் சொன்னேன். இடுப்புக்கு மாரிச்செல்வியைக் காட்டினேன். சஃப்ரின் சிரித்தாள். கல்யாணத்துக்கு முந்தைய மாரிச்செல்வி என்று உடனே திருத்திச் சொன்னேன். அதன் பிறகு எங்கள் வீட்டில் கொஞ்ச நாளைக்கு ரசம் மட்டும்தான்.

அடுத்து மாதிரி எப்படி என்று கேட்டாள். இங்கேதான் உன் வாய் செய்த வேலையைக் கேள். உன் டார்ச் லைட்டுப் பேச்சு என் காதிலேயே உட்கார்ந்திருந்தது. "தோளு தெரியவே கூடாதும்மா" என்றேன். முழுக்கை, கைக்கு வலை, தோளில் அடுக்கடுக்காகச் சுருக்கு, போதாதென்று மேலே போர்த்திக்கொள்ள ஒரு சின்னப் போர்வை. "இம்புட்டையும் வச்சா தோளு இன்னும் ரெட்டிப்பாத் தெரியும் அங்கிள்" என்றாள். "நீ மறைச்சிரும்மா, நாம் பாத்துக்கிடுதேன்" என்றேன். அவள் பெருமூச்சு விட்டு, "சரி, மொதல்ல காடாத் துணியில மாதிரி ஒண்ணு தச்சுத் தாரேன். போட்டுப் பாத்துட்டு வந்து பேசுங்க" என்றாள்.

மாதிரி வந்தது. ரிசப்ஷன் குற்றாலத்து மண்டபத்தில், அதுவும் சாரல் விடாத காலத்தில். தரை ஈரமாக இருக்கும், மேடைக்குப் படி இருக்கிறது, கவுன் தரையில் இழுபடும். ஆகையால் சம்பவ இடத்திலேயே சோதித்துப் பார்க்காமல் துணி வெட்ட விடக் கூடாது என்று, மாதிரியைப் பையில் போட்டுக்கொண்டு மாரிச்செல்வியோடு குற்றாலம் போனேன். ஆடி மாதமாகையால் மண்டபம் காலி. வாட்ச்மேன் டீ குடிக்கப் போயிருந்தார். மாரிச்செல்வியைப் போடச் சொன்னால், "எனக்கு வேற சோலி இல்லயா? அது எந்தோள்ல நிக்காது, ஒங்க அளவுல்லா" என்றாள். நானே பேண்ட்டுக்கு மேல் மாட்டிக்கொண்டேன். மணமகள் அறையில் ஆளுயரக் கண்ணாடி இருந்தது. உண்மையைச் சொல்கிறேன், உறை போட்ட சோபா ஒன்று எழுந்து நின்ற மாதிரி இருந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது, இதைப் போட்டுக்கொண்டு அந்தப் பிள்ளை நிற்க, நீ மறுபடியும் ஒரு வார்த்தை சொல்ல, சபை மறுபடியும் சிரிக்க, எல்லாம் கண்ணுக்கு முன்னால் வந்தது. இருந்தாலும் வந்த வேலையை முடிப்போம் என்று மேடைப்படி ஏறி இறங்கினேன். சாரல் எவ்வளவு தூரம் அடிக்கிறது என்று பார்க்கப் பின்பக்க வராந்தாவுக்குப் போனேன்.

அங்கே குரங்கு இருந்தது. குற்றாலத்தில் குரங்கு இல்லாத இடம் எது. ஆனால் அது என்னைப் பார்த்த பார்வை வேறு. தோளில் அடுக்கடுக்காக நின்ற அந்தச் சுருக்குத் துணியை முட்டைக்கோஸ் என்று நினைத்திருக்க வேண்டும். ஒரே தாவில் என் தோளில் ஏறி உட்கார்ந்து, இலை இலையாகப் பிய்க்க ஆரம்பித்தது. ஓடினால் கடிக்கும் என்று நான் அசையாமல் நின்றேன். பின்னாலிருந்து, "யம்மா, அசையாதீக! அப்படியே நில்லுங்க, நான் கம்பு எடுத்துட்டு வாரேன்!" என்று வாட்ச்மேன் ஓடி வருகிறார். நான் மெதுவாகத் திரும்பினேன். அவர் என் மீசையைப் பார்த்தார். ஓங்கிய கம்பு கீழே இறங்கியது. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, ரொம்ப மரியாதையாக, "ரிசப்ஷனு ஒங்களுக்கா அண்ணாச்சி?" என்று கேட்டார். அதற்குள் இன்னொரு குரங்கு வந்து மேல்போர்வையை உருவிக்கொண்டு போனது. முதல் குரங்கு கவுனின் இரண்டு கைகளையும் தையலோடு பிடுங்கிக்கொண்டு, மாமரத்தில் ஏறி, கடித்துப் பார்த்துத் துப்பியது. மாரிச்செல்வி தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், சிரித்தாள், அவளுக்கு மூச்சு நின்றுவிடுமோ என்று எனக்குப் பயமாகிவிட்டது.

கழற்றலாம் என்று அறைக்குள் வந்தேன். கண்ணாடியைப் பார்த்தேன். ஆனந்தவள்ளி, இந்த இடத்தை இரண்டு முறை படி. கையும் சுருக்கும் போர்வையும் போய்விட்டன. மிஞ்சியது வெறும் துணி. அது தோளிலிருந்து நேராகக் கீழே இறங்கி நிற்கிறது, எங்கும் பிடிக்கவில்லை, எங்கும் தொங்கவில்லை. தோள் தோளாக இருந்தது. அய்யா கதர்த்துண்டைப் போட்டுக்கொண்டு பஞ்சாயத்துக்குக் கிளம்பி நிற்பது ஞாபகம் வந்தது, அவரை யார் அன்றைக்கு டார்ச் லைட் அடித்துக் கேலி செய்தார்கள்? பின்னால் வந்த மாரிச்செல்வி சிரிப்பை நிறுத்திவிட்டாள். "ஏங்க, இப்பத்தான் பாக்க லெச்சணமா இருக்கு" என்றாள். பிறகு, "ஒங்களச் சொல்லல, துணியச் சொல்லுதேன்" என்று சேர்த்துக்கொண்டாள். நாம் எல்லோரும் சேர்ந்து அந்தப் பிள்ளையின் தோளைக் குறையாகவே பேசி, கடைசியில் அவளையும் நம்ப வைத்துவிட்டோம் என்று நினைத்தபோது எனக்கு மனசு ஆறவில்லை.

நேராக சஃப்ரினிடம் போய், கை வேண்டாம், சுருக்கு வேண்டாம், அகலக் கழுத்து, கனமான துணி, ஒரு கல்லும் வேண்டாம், அரக்கு நிறம் என்று சொல்லிவிட்டு வந்தேன். ஆமாம், கை கிடையாது. நீ நெஞ்சைப் பிடித்துக்கொள்வாய், தெரியும். தண்ணீர் குடித்துவிட்டு மேலே படி. இனி இந்த விஷயத்தில் என் முடிவு இதுதான். கவுன் தயாரானதும் என் பீரோவுக்குள் போய்விடும், சாவி என் இடுப்பில் இருக்கும். ரிசப்ஷன் அன்று தட்டில் வைத்துக் கொடுக்கும்வரை வேல்விழி அதைப் பார்க்கக் கூடாது, நீயும் பார்க்கக் கூடாது. இடையில் தென்காசிப் பக்கம் எட்டிப் பார்க்காதே. மதினிக்கு உடம்பு சரியில்லை என்று கேள்விப்பட்டேன், ஆறுமுகனுக்கு அபிஷேகம், பல் வலி என்று எந்தச் சாக்கும் சொல்லிக்கொண்டு வராதே. மேடையில் அவள் வந்து நின்ற பிறகு, குளிருகிறது என்று சொல்லி அவள் தோளில் ஒரு துண்டையோ சால்வையையோ கொண்டுபோய்ப் போர்த்தாதே. போர்த்தினால் சபையென்றும் பார்க்க மாட்டேன், மைக்கை வாங்கிப் பேசிவிடுவேன். உன் கருத்து எனக்கு வேண்டாம். இது தாய்மாமன் உரிமை, வழக்கம் வழக்கம்தான். சஃப்ரினிடமும் மாரிச்செல்வியிடமும் இதை ஆணையாகவே சொல்லி வைத்திருக்கிறேன், இரண்டு பேரும் என் பேச்சை மீற மாட்டார்கள்.

மச்சானுக்கு என் வணக்கத்தைச் சொல். மழையில் நனைந்துகொண்டு மண்டிக்குப் போக வேண்டாம் என்று சொல். கல்யாணப் பெண்ணுக்கு மாமனின் ஆசீர்வாதம், பிள்ளை குட்டியோடு நிறைவாக வாழ வேண்டும். உனக்கும் ஆசீர்வாதம், கோபம் இருந்தாலும் ஆசீர்வாதத்தில் குறை வைக்கக் கூடாது.

இப்படிக்கு,
சொன்ன சொல் மாறாத அண்ணன்,
மு. முத்துச்செல்வம்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது, தோளுக்குப் பின்னால் நின்று கடிதம் பூராவையும் படித்துவிட்ட மாரிச்செல்வி, கண்ணைத் துடைத்துக்கொண்டு உள் அறையைப் பார்த்து, "ஏட்டி வேல்விழி, வெளிய வாட்டி, ஒம் மாமா எழுதி முடிச்சிட்டாக" என்றாள்.

வேல்விழி வெளியே வந்தாள். கவுனோடு வந்தாள். அரக்கு நிறம் இல்லை, மயில் கழுத்து நிறம். விஷயம் இதுதானாம்: நான் பனியனோடு நின்ற அன்றே சஃப்ரின் மாரிச்செல்வியிடம் போன் நம்பர் வாங்கி வேல்விழியைக் கூப்பிட்டிருக்கிறாள். இவள் பள்ளிக்கூடம் விட்டுத் தென்காசி வந்து அளவு கொடுத்திருக்கிறாள், துணி எடுத்திருக்கிறாள், போட்டுப் பார்த்திருக்கிறாள். கை இல்லாமல், கழுத்தை அகலமாக வைத்து, குரங்கு பிய்ப்பதற்கு முன்னாலேயே துணியை வெட்டியாகிவிட்டது. இன்று காலை நான் எழுத உட்கார்ந்ததும் மாரிச்செல்வி இவளைப் பின்வாசல் வழியாக உள்ளே விட்டிருக்கிறாள். போன் போட்டுக் கேட்டால் சஃப்ரின், "ஒங்க அளவு ஒங்க மனத் திருப்திக்கு எடுத்தது அங்கிள்" என்கிறாள். வழக்கம் போயிற்று, என் ஆணையும் போயிற்று. கோபப்படலாம் என்றுதான் எழுந்தேன். எழுந்தவன் அப்படியே நின்றுவிட்டேன். ஆனந்தவள்ளி, உன் மகள் அவ்வளவு அழகாக இருக்கிறாள். அய்யா இருந்திருந்தால் எழுந்து நின்றிருப்பார்.

"சூப்பரா இருக்குட்டி" என்றேன். மாரிச்செல்வி திருஷ்டி கழித்தாள். வேல்விழி சிரித்தாள். ஆனால் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே, "மாமா, அம்மாவுக்குப் புடிக்குமா?" என்று கேட்டாள். "புடிக்காம என்னட்டி" என்றேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் அதையே கேட்டாள்.

ஆகையால் மேலே எழுதிய உத்தரவுகள் அத்தனையும் ரத்து. இந்தக் கடிதத்தைக் கொண்டுவரும், மச்சானின் மண்டிக்குச் சரக்கு ஓட்டும் அய்யாக்குட்டியின் லோடு ஆட்டோவிலேயே ஏறி உடனே வா. முன் சீட்டில் தக்காளிப் பெட்டி எதுவும் ஏற்றாதே என்று அவனிடம் சொல்லியிருக்கிறேன். அடுப்பில் பால் இருந்தால் இறக்கி வைத்துவிட்டு வா. நீ வரும்வரை கழற்ற மாட்டேன் என்று பிள்ளை நின்றுகொண்டே இட்லி தின்கிறாள். சஃப்ரினின் பில் என் பேரில்தான் என்பதால், துணியை எப்படியோ நான் எடுத்துக் கொடுத்துவிட்டேன். "நல்லாருக்குட்டி" என்று ஒரு வார்த்தை இருக்கிறதே, அதைத் தாய்மாமன் எடுத்துக் கொடுக்க முடியாது. அதை நீதான் கொண்டுவர வேண்டும்.